படித்துக்கொண்டே தொழில் தொடங்குவது: ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாமா?

மூன்றாமாண்டு_மாணவி

எல்லோருக்கும் வணக்கம். பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நானும் வகுப்புத் தோழர்கள் இருவரும் சேர்ந்து ஐந்து மாதமாக ஒரு செயலி செய்து வருகிறோம். பல்கலைக்கழக ஆய்வகங்களில் பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் பெரிய கருவிகள் இருக்கும் அல்லவா, மின்னணு நுண்ணோக்கி போல, அவற்றை மணிக்கணக்கில் முன்பதிவு செய்வதற்கான செயலி. இப்போது எங்கள் துறையில் கதவில் ஒரு நோட்டு தொங்குகிறது. வந்து பெயர் எழுதிவிட்டுப் போக வேண்டும். அதை மாற்றலாம் என்றுதான் தொடங்கினோம்.

200 பேருக்கு மேல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆனால் வாரம் ஒருமுறையாவது திறந்து பார்ப்பவர்கள் 9 பேர்தான். வகுப்பு, செய்முறை, தேர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் இதற்கு நேரம் போதவில்லை. அதனால்தான் இப்படி ஆகிறது என்று நாங்கள் நினைக்கிறோம்.

கேட்க வந்தது: ஒரு பருவம் விடுப்பு எடுத்து முழுநேரமாக இறங்கலாமா? அடுத்த மாதம் ஒரு தொழில்திட்டப் போட்டி வருகிறது, அதில் கலந்துகொள்வது பயன் தருமா? தொழில்முனைவு என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது, அதை எடுத்தால் உண்மையிலேயே ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமா?

இரண்டாம்_முயற்சி

அந்த 9 பேர் யார்?

மூன்றாமாண்டு_மாணவி

ஏழு பேர் எங்கள் நண்பர்கள். மற்ற இருவர் யாரென்று தெரியவில்லை. மின்னஞ்சலை வைத்துப் பார்த்தால் ஆராய்ச்சி மாணவர்கள் போலத் தெரிகிறது.

இரண்டாம்_முயற்சி

அப்படியென்றால் உனக்கு இப்போது 2 பயனர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள், தங்கச்சி. குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. ஐந்து மாத உழைப்பில் கிடைத்த மிக மதிப்பான விஷயம் அந்த இருவர்தான். யாரும் கெஞ்சிக் கேட்காமல் அவர்களாகவே திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று உனக்குத் தெரியவில்லை. விடுப்பு எடுப்பதற்கு முன்னால், போட்டிக்கு முன்னால், இன்னொரு வரி நிரல் எழுதுவதற்கும் முன்னால் அவர்களை நேரில் போய்ப் பார்.

கல்லூரியில் இருந்தபோது நான் இதைச் செய்யவில்லை. பதிவு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன். ஒன்றரை வருடம் போனது. கடைசியில் மூடும்போதுகூட, யாருக்காக அதைச் செய்தேன் என்று ஒருவரைக் கைகாட்டிச் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அது உறுத்துகிறது.

நள்ளிரவு_நிரல்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. அரை நேரம் கொடுத்தால் படிப்பும் அரைகுறை, தொழிலும் அரைகுறை. இந்த வயதில் குடும்பப் பொறுப்பு இல்லை, கடன் இல்லை, தோற்றாலும் இழப்பதற்கு அதிகம் இல்லை. இப்போது துணியாமல் எப்போது துணிவது? மைக்ரோசாஃப்ட், டெல், ஃபேஸ்புக் எல்லாமே படிப்பை விட்டு வந்தவர்கள் கட்டியதுதானே. ஒரு பருவம்தான். எடுத்துவிடுங்கள்.

கரும்பலகை

பல வருடங்களாகத் தொழில்முனைவுப் பாடத்தை நடத்தி வருபவள் என்ற முறையில் சொல்கிறேன். நள்ளிரவு_நிரல் சொன்ன துணிச்சல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த மூன்று கதைகளிலும் எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்று பார்க்க வேண்டும்.

1975இல் பில் கேட்ஸ் ஹார்வர்டிலிருந்து வெளியே வந்தபோது, அவரும் பால் ஆலனும் எழுதிய பேசிக் என்ற நிரல்மொழிக்கான மொழிபெயர்ப்பி மென்பொருளை வாங்க மிட்ஸ் என்ற நிறுவனம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அப்போதும் அவர் முதலில் எடுத்தது விடுப்புதான். திரும்பிப் போகும் கதவைச் சாத்திவிட்டு வரவில்லை. 1984இல் மைக்கேல் டெல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தை விட்டுப் போகுமுன்பே, விடுதி அறையிலிருந்து அவர் விற்ற கணினிகளைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் விடுதி அறையில் தொடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் 10 லட்சம் பேர் அதில் இருந்தார்கள். மூன்றிலும் தொழில்தான் அவர்களைப் படிப்பிலிருந்து வெளியே இழுத்தது. வெளியே வந்த பிறகு தொழிலைத் தேடியவர்கள் இல்லை அவர்கள்.

மறுபக்கமும் இருக்கிறது. ஃபில் நைட், பின்னாளில் நைக்கி ஆன காலணி வியாபாரத்தை 1964இல் தொடங்கினார். 1969 வரை கணக்காளராகவும் கணக்கியல் ஆசிரியராகவும் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டுதான் அதை நடத்தினார். ஆஸ்திரேலியாவில் மெலனி பெர்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோதே சக மாணவர்களுக்கு வடிவமைப்பு மென்பொருள் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைப் பழகவே அவர்களுக்கு ஒரு பருவம் போவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். அதிலிருந்து 2007இல் பள்ளி ஆண்டுமலர் தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்று பிறந்தது. அவருடைய கேன்வா வடிவமைப்புத் தளம் 2013இல்தான் வெளிவந்தது.

வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்க நிறுவனர்கள் பற்றி அசூலே, ஜோன்ஸ், கிம், மிராண்டா ஆகிய நால்வர் செய்த ஆய்வு 2020இல் வெளியானது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்கிற நிறுவனங்களை எடுத்துக்கொண்டால், தொடங்கியபோது அவற்றின் நிறுவனர்களின் சராசரி வயது 45. இப்போது விட்டால் காலம் போய்விடும் என்ற பதற்றத்துக்கு அடிப்படை இல்லை.

பாடத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வாரம் ஒரு விரிவுரை, கடைசியில் நாற்பது பக்கத் திட்ட அறிக்கை என்று இருந்தால், எடுக்க வேண்டாம். வகுப்பை விட்டு வெளியே போய் ஆட்களைச் சந்திக்க வைக்கும் பாடமாக இருந்தால் யோசிக்காமல் எடுங்கள். ஸ்டீவ் பிளாங்க் 2011இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய வகுப்பு அப்படிப்பட்டது. அதைப் பின்பற்றி அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் ஐ-கோர் பயிற்சியில் ஒவ்வொரு குழுவும் ஏழு வாரத்தில் நூறு பேரிடமாவது பேச வேண்டும். பேராசிரியர்களுக்கும் இதே விதிதான். முதல் இருபது பேரிடம் பேசி முடிப்பதற்குள் தாங்கள் நினைத்தது தவறு என்று முகம் மாறுகிற குழுக்களை நானும் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த வாரத்தில்தான் அவர்கள் உண்மையில் கற்கத் தொடங்குகிறார்கள்.

நள்ளிரவு_நிரல்

வரிசையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அப்படி நான் யோசித்ததில்லை. ஆனாலும் அந்த நூறு பேரைப் பார்ப்பதற்கே நேரம் வேண்டுமே?

கரும்பலகை

வேண்டும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் போதும். நிரல் எழுதுவதை ஒரு மாதம் நிறுத்தினால் அந்த நேரம் கிடைத்துவிடும்.

ஆய்வகவாசி

மாணவி சொன்ன அந்த நோட்டில் பெயர் எழுதுகிற ஆள் நான். உங்கள் நோட்டு இல்லை, எங்கள் துறை நோட்டு. நான்கு வருடமாக மின்னணு நுண்ணோக்கிக்காகக் காத்திருப்பவள் என்பதால் எழுதுகிறேன்.

பெயர் எழுதுவது எனக்கு ஒரு சிரமமே இல்லை. அந்த வழியாகத்தான் தினமும் நடக்கிறேன். கதவருகில் நின்று எழுதினால் அரை நிமிடம். எனக்கு நோவது வேறு. ஆனால் அதை இங்கே சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஒருத்தி சொன்னதை வைத்து நீங்கள் அடுத்த ஐந்து மாதத்தைச் செலவழித்துவிடக் கூடாது. அந்த அறைக்குப் பொறுப்பாளராக இருப்பவரிடம் அனுமதி கேட்டு, ஒரு முக்காலி போட்டு இரண்டு நாள் உட்காருங்கள். செயலியைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

இரண்டாம்_முயற்சி

இதோடு ஒன்று சேர்த்துக்கொள். "இப்படி ஒன்று இருந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்காதே. எல்லோரும் ஆமாம் என்பார்கள். முகத்துக்கு நேரே மனதை நோகடிக்க யாருக்கும் வராது. நடந்ததைக் கேள். கடைசியாக எப்போது கருவி கிடைக்காமல் போனது, அன்றைக்கு என்ன செய்தீர்கள், அதனால் எத்தனை நாள் தள்ளிப்போனது. வருங்காலத்தைப் பற்றிக் கேட்டால் விருப்பம்தான் பதிலாக வரும்.

மூன்றாமாண்டு_மாணவி

(ஒன்பது நாள் கழித்து)

உட்கார்ந்தேன். இரண்டு நாள் என்று போய் மூன்று நாள் ஆகிவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நோட்டை இதுவரை நான் திறந்து படித்ததே இல்லை என்பது முதல் நாள்தான் உறைத்தது. நூலில் கட்டிய பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்களுக்குப் பக்கத்தில் பொறுப்பாளர் சிவப்பு மையில் சின்னதாகக் குறித்திருக்கிறார்: ஈ, பூ, வ. என்ன என்று கேட்டேன். ஈ என்றால் மாதிரி, அதாவது கருவிக்குள் வைத்துப் பார்க்கக் கொண்டுவரும் பொருள், ஈரம். பூ என்றால் பூச்சு இல்லை. வ என்றால் ஆள் வரவில்லை.

கருவிக்குள் வெற்றிடம் பிடிக்க வேண்டும். மாதிரியில் துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி வந்துகொண்டே இருக்கும், வெற்றிடம் பிடிக்காது. மின்சாரம் கடத்தாத மாதிரி என்றால் மேலே தங்கத்தில் மெல்லிய பூச்சு போட வேண்டும். இல்லையென்றால் மின்னேற்றம் தேங்கிப் படம் வெளுத்துவிடும். இது தெரிந்தவர்களும் அவசரத்தில் மறக்கிறார்கள், புதியவர்களுக்குத் தெரிவதே இல்லை. மூன்று நாளில் 14 முன்பதிவுகள் இருந்தன. அதில் 5 முறை கருவி சும்மா கிடந்தது. மூன்று ஈ, ஒரு பூ, ஒரு வ.

இரண்டாம் நாள் ஒரு முதுகலை மாணவர் ஒன்றரை மணி நேரம் முன்பதிவு செய்து வந்திருந்தார். மூன்று வாரம் காத்திருந்த வாய்ப்பு. உள்ளே வைத்து மூடினார். அளவுகாட்டி இறங்கவே இல்லை. நாற்பது நிமிடம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பொறுப்பாளர் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதை இன்னும் ஒரு நாள் உலர வை" என்றார். மீதி நேரத்துக்கு ஆள் இல்லை. வெளியே யாரைக் கூப்பிடுவது என்றும் யாருக்கும் தெரியவில்லை. அந்த மாணவர் மாதிரியைப் பெட்டிக்குள் வைக்கும்போது கை நடுங்கியது.

முன்பதிவில் பிரச்சினையே இல்லை. முன்பதிவு செய்தவர்கள் தயாராக வருவதில்லை, அதுதான் பிரச்சினை. பொறுப்பாளர் முடிந்தபோதெல்லாம் முந்தைய நாள் மாலையில் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்கிறாராம். வேலை அதிகமான வாரத்தில் அது முடிவதில்லை. அந்த வாரம்தான் நோட்டில் சிவப்பு அதிகம்.

செயலியைத் திறந்து பார்க்கும் அந்த இருவரையும் சந்தித்தேன். இருவருமே முன்பதிவு செய்வதற்காக வருவதில்லை. இன்றைக்கு யாராவது வராமல் போவார்களா, அந்த நேரம் நமக்குக் கிடைக்குமா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

இவ்வளவு நாள் எதைக் கட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. அதே நேரம், இந்த ஐந்து மாதத்தில் முதல்முறையாக எதையோ கண்டுபிடித்த உணர்வும் இருக்கிறது.

ஆய்வகவாசி

ஈ, பூ, வ. எங்கள் நோட்டிலும் இருக்கிறது, குறிகள் மட்டும் வேறு. எனக்கு நோவது இதுதான். இப்போது சொல்லலாம்.

இரண்டாம்_முயற்சி

படிக்கும்போதே எனக்குப் பரபரப்பாகிவிட்டது. இனி செயலியைத் தொடாதே. இரண்டு வாரம் அந்தப் பொறுப்பாளரின் மாலை வேலையை நீயே செய். முந்தைய நாள் ஐந்து மணிக்கு ஒவ்வொருவருக்கும் உன் கைபேசியிலிருந்து செய்தி அனுப்பு. உலர்ந்ததா, பூச்சு போட்டாயிற்றா, வருகிறீர்களா. இல்லை என்று பதில் வந்தால் அந்த நேரத்தைக் காத்திருப்பவர்களில் அடுத்தவருக்குக் கொடு. எல்லாம் கையால். நிரல் எதுவும் வேண்டாம். என்ன பதில் வருகிறது, எத்தனை பேர் பதிலே போடுவதில்லை, அடுத்தவரைக் கூப்பிட எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும்.

பேரேடு

கணக்கு எழுதுகிறவன் என்பதால் என் கேள்வி ஒன்றே ஒன்று: யார் பணம் கொடுப்பார்கள்? மாணவர்கள் கொடுக்க மாட்டார்கள். பொறுப்பாளர் நல்ல மனிதர், ஆனால் நிதி அவர் கையில் இருக்காது. இப்படிப்பட்ட கருவிகளை வெளி நிறுவனங்களுக்கும் மணிக்கு இவ்வளவு என்று கட்டணத்துக்குக் கொடுப்பது வழக்கம். உங்கள் இடத்திலும் அப்படி என்றால், சும்மா கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவருடைய வரவுப் பத்தியில் பள்ளமாக விழுகிறது. அந்தப் பத்தி யாருடையது என்று கண்டுபிடியுங்கள். இழந்த மணி நேரத்தைக் கட்டணத்தால் பெருக்கி ஒரு தாளில் எழுதிக்கொண்டு அவரைப் பாருங்கள். வேறு எந்த விளக்கப்படமும் தேவைப்படாது.

பணம் வாங்கினால் தனிக் கணக்கில் வாங்குங்கள். மூவரில் ஒருவருடைய சொந்தக் கணக்கில் வேண்டாம்.

மூன்றாமாண்டு_மாணவி

இரண்டாம்_முயற்சி அண்ணா, செய்கிறேன். பேரேடு ஐயா, வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள், விசாரித்துவிட்டேன்.

இன்னொரு சங்கடம். எங்கள் மூவரில் நிரல் முழுவதையும் எழுதியது ஒரு நண்பன். இதைச் சொன்னதும் முகம் வாடிவிட்டது. "அப்போது நான் செய்ததெல்லாம் வீணா?" என்றான். மூவருக்கும் சமபங்கு என்று முதல் நாளே பேசிக்கொண்டோம். எதையும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாம்_முயற்சி

முதலில் நண்பன். அவன் கேட்டதைக் கேள்வியாக எடுத்துக்கொள்ளாதே, வலியாக எடுத்துக்கொள். அவனையும் அந்த முக்காலியில் ஒரு நாள் உட்கார வை. நீ சொல்லிப் புரியாதது, அந்தப் பையனின் கை நடுங்குவதைப் பார்த்தால் புரியும்.

அப்புறம் பங்கு. எங்களுக்கும் வாய்ப்பேச்சில் சமபங்குதான். நாலாவது மாதம் ஒருவனுக்கு வேலை கிடைத்துப் போனான். மூன்றில் ஒரு பங்கு அவன் பெயரிலேயே நின்றது. பிறகு பணம் போட வந்தவர் அந்த ஒரு காரணத்துக்காகவே விலகினார். அவன் மீது தவறில்லை. எழுதி வைக்காதது எல்லோருடைய தவறு.

பரவலாகக் கடைப்பிடிக்கும் முறை இது. பங்கு ஒரே நாளில் கைக்கு வராது, 48 மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உரிமையாகும். முதல் 12 மாதத்துக்குள் விலகினால் எதுவும் இல்லை. ஒருவருக்கு 30 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறீர்கள், அவர் 18ஆம் மாதம் விலகுகிறார் என்று வை. 48இல் 18, அதாவது 11.25 விழுக்காடு அவருடன் போகும். மீதி நிறுவனத்திலேயே இருக்கும். இதை மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் காலத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மனம் கசந்த பிறகு எழுத முடியாது.

கரும்பலகை

கூடவே பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்து விதியை, அதாவது மாணவர் உருவாக்கியது யாருக்குச் சொந்தம் என்று சொல்லும் விதியை, படித்துவிடுங்கள். இடத்துக்கு இடம் மாறும். மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: பல்கலைக்கழகத்தின் நிதியிலோ கருவியிலோ உருவானதா, சம்பளம் வாங்கும் ஆய்வு உதவியாளராக இருந்தபோது செய்ததா, மதிப்பெண் பெறும் பாடத்தின் பகுதியாகச் செய்ததா. தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கூகுளின் பேஜ்ரேங்க் முறை, அதன் நிறுவனர்களில் ஒருவரான லாரி பேஜ் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்தபோது உருவானது என்பதால் அதன் காப்புரிமை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருந்தது. உரிமத்துக்கு ஈடாக ஸ்டான்ஃபோர்டு 18 லட்சம் கூகுள் பங்குகள் பெற்றது. 2005இல் அவற்றை விற்று 33.6 கோடி டாலர் பெற்றது. அது இருதரப்புக்கும் நன்றாகவே முடிந்தது. ஆனால் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொண்டதால்தான் அப்படி முடிந்தது.

இதை இறுதியாண்டுத் திட்டமாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் வந்தேன். நேரப் பிரச்சினை பாதி தீரும். ஆனால் விதியைப் படித்த பிறகு மாற்றுங்கள்.

போட்டி பற்றி நீங்கள் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது வேண்டாம். அடுத்த ஆண்டு ஒன்றில் கலந்துகொள்ளுங்கள், அது போதும்.

மூன்றாமாண்டு_மாணவி

(ஐந்து வாரம் கழித்து)

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வாரம் தினமும் மாலை ஐந்து மணிக்குச் செய்தி அனுப்பினேன். முதல் நாலு நாள் பாதிப் பேர் பதில் போடவில்லை. "தயாரா?" என்று பொதுவாகக் கேட்டதுதான் காரணம். "மாதிரி உலர்ந்துவிட்டதா?" என்று மட்டும் கேட்டபோது உடனே பதில் வந்தது. இல்லை என்பவர்களின் நேரத்தைக் காத்திருந்தவர்களுக்குக் கொடுத்தேன். இரண்டாவது வாரம் கருவி சும்மா கிடந்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் மின்தடை.

பேரேடு ஐயா சொன்ன தாளை எடுத்துக்கொண்டு கருவி மையத்தின் இயக்குநரைப் பார்த்தேன். மூன்று வருட நோட்டுகளிலிருந்து ஈ, பூ, வ மூன்றையும் மாதவாரியாக எண்ணி எழுதியிருந்தேன். அவர் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்தார். "இது எனக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது" என்றார். மூன்று மாதத்துக்குக் கட்டணம் கொடுத்து நடத்திப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். சிறிய தொகைதான். தனிக் கணக்கில் வாங்கினோம்.

நண்பன் ஒரு நாள் முக்காலியில் உட்கார்ந்தான். வெளியே வந்து எதுவும் பேசவில்லை. மறுநாள் பழைய நிரலிலிருந்து காத்திருப்போர் பட்டியல் பகுதியை மட்டும் பிரித்து எடுத்துக் காட்டினான். அது அப்படியே பயன்படுகிறது. பங்கு ஒப்பந்தம் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

விடுப்பு எடுக்கவில்லை. இறுதியாண்டுத் திட்டமாக வைக்கலாமா என்று சொத்துரிமை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேதியியல் துறையின் என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) கருவி அறையில் உட்காரப் போகிறேன். அங்கே பொறுப்பாளர் முதல் வார்த்தையே "எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை" என்றார்.

ஆய்வகவாசி

அங்கே மாதிரி கரைசலில்தான் இருக்கும், ஈரம் பூச்சு எதுவும் கிடையாது. அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். போவதற்கு முன், கருவியைக் குளிராக வைக்கும் திரவ நைட்ரஜனை எந்த நாளில் நிரப்புகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிரப்பும் நேரத்தில் அளவெடுக்க மாட்டார்கள், வரிசை முழுவதும் தள்ளிப்போகும். அன்றைக்கே போய் உட்காருங்கள்.

மூன்றாமாண்டு_மாணவி

செவ்வாய்க்கிழமையாம், அக்கா. இப்போதுதான் கேட்டேன். அன்று காலை ஒரு வகுப்பு இருக்கிறது, முடிந்ததும் நேரே போய்விடுகிறேன்.